மூச்சுக்கு முன்னால் பேச்சு போய்விடும்: பெற்றோரின் கடைசி மாதங்களுக்கு ஒரு சென்னைக் கையேடு

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இனி தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அல்லது சொல்லாமல் சொல்லிவிட்டார். அவர்கள் உள்ளறையில் படுத்திருக்கிறார்கள். நீங்கள் அடுப்படியில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, காரியத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, மாலை போட எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறீர்கள். அடுத்த நொடியே, உயிரோடு இருக்கும்போதே இப்படியா நினைப்பது என்று கூசிப்போகிறீர்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நோய் முற்றும்போது ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். கையெழுத்து போகும், பேச்சு போகும், விழுங்கும் சக்தி போகும், ஆளை அடையாளம் தெரிவது போகும். எது முதலில் போகும் என்பது நோய்க்கு நோய் மாறும். மூச்சு மட்டும் எப்போதும் கடைசி. நாமோ அந்தக் கடைசிக்குப் பயந்துகொண்டே முந்தியவற்றைக் கோட்டை விட்டுவிடுகிறோம். கீழே உள்ள படிகள், எது முதலில் போகுமோ அதை முதலில் கவனிக்கும் வரிசையில் இருக்கின்றன.

1. இதுவும் துக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

சாவுக்குப் பிறகு வருவதுதான் துக்கம் என்று நமக்குப் பழக்கம். முன்பே அழுதால் "நல்ல வார்த்தை பேசு" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் இழப்பு வரும் என்று தெரிந்த நாளிலேயே துக்கம் தொடங்கிவிடும். மருத்துவர்கள் இதை முன்கூட்டிய துக்கம் என்பார்கள். அது அழுகையாக வராமல் வேறு வேஷத்தில் வரும் என்பதால்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் அட்டெண்டர் மேல் காரணமில்லாத எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு, அம்மாவின் மூச்சு ஓடுகிறதா என்று கதவோரம் நின்று பார்ப்பது, வெளிநாட்டில் இருக்கும் தம்பி மேல் தீராத கோபம், "சீக்கிரம் முடிஞ்சா அவங்களுக்கும் நல்லது" என்ற நினைப்பு.

அந்தக் கடைசி நினைப்பு வராத பராமரிப்பாளர் குறைவு. வேதனை முடிய வேண்டும் என்று ஆசைப்படுவதும் ஆள் போக வேண்டும் என்று ஆசைப்படுவதும் வேறு வேறு. களைத்த மனது இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறது, அவ்வளவே.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். முன்பே அழுதுவிட்டதால் பிறகு வலிக்காது என்று நம்புவது ஒன்று. துக்கத்துக்கு ரேஷன் அளவு கிடையாது, பிறகும் வரும். இன்னொன்று இதைவிட மோசம். ஆள் இருக்கும்போதே மனதளவில் அனுப்பிவிடுவது. கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, அவர்கள் தலைக்கு மேலே, "நைட் யூரின் எவ்ளோ போச்சு, இன்னும் எத்தனை நாள் தாங்கும்" என்று பேசுவது அதன் முதல் அடையாளம். அந்தப் பேச்சை ஹாலுக்குக் கொண்டு போங்கள்.

மறதி நோய் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு இது வருடக்கணக்கில் நீளும். "நீ யாரு?" என்று அம்மா கேட்கும் நாளில் வருவது முழுமையான துக்கம். யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள் என்பதால் அது சின்னதாகிவிடாது.

2. டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்

ரவுண்ட்ஸ் நடுவே கேட்டால் "பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும். தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, கேள்விகளை எழுதிக்கொண்டு, இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்க, மற்றவர் எழுத. அதிர்ச்சியில் கேட்டது பாதி மறந்துவிடும்.

கேட்க வேண்டியவை: இந்தச் சிகிச்சை நோயைக் குறைக்கவா, வாழ்நாளை நீட்டவா, வேதனையைத் தணிக்கவா? அடுத்து என்னென்ன போகும்? மாதங்களா, வாரங்களா? மூச்சுத் திணறல் வந்தால் வென்டிலேட்டர் பயன் தருமா, இல்லை ஐசியு வாசலில் நம்மை நிறுத்தி வைப்பதுதான் மிச்சமா? வீட்டிலேயே வைத்துக்கொள்ள என்ன மருந்து எழுதித் தருவீர்கள்?

"உங்க அப்பாவா இருந்தா என்ன டாக்டர் செய்வீங்க?" என்ற கேள்விக்கும் பல மருத்துவர்கள் மனம் திறந்து பதில் சொல்வார்கள்.

கூடவே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். அது கைவிடப்பட்டவர்களை அனுப்பும் இடம் என்ற எண்ணத்தால் பலர் கடைசி வாரம்தான் போகிறார்கள். மற்ற சிகிச்சை நடக்கும்போதே சேர்ந்து பெறலாம். சீக்கிரம் போனால்தான் பலன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே இலவசம். உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி நகலுடன் போய், "நோய் ஆதரவு சிகிச்சை" என்ற அதே சொல்லால் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். புற்றுநோயின் இறுதி நிலையில் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு மாத்தூர் ஜீவோதயா விடுதி கட்டணம் இல்லாமல் இடம் தருகிறது.

மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். வலிக்காக மருத்துவர் அளவு பார்த்துத் தருவதில் அடிமையாவார்களோ என்ற அச்சம் தேவையில்லை. உண்மையான தொல்லை மலச்சிக்கல். அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தெருமுனைக் கடையில் கிடைக்காது என்பதால், கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

3. பேச்சு இருக்கும்போது பேசிவிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு ஈடு செய்யவே முடியாத படியும் இதுதான்.

"உங்களுக்கு என்ன ஆசை?" என்று மொட்டையாகக் கேட்டால், "ஒண்ணுமில்ல, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று முடித்துவிடுவார்கள். சிறிய, பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். "மறுபடி உடம்புக்கு முடியாம போனா ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பா, இல்ல வீட்லயே இருக்கீங்களா?" "யாரையாவது பாக்கணும்னு இருக்காம்மா?" "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" எண்ணெய் தேய்த்துவிடும்போதும் நகம் வெட்டும்போதும் கேட்பது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பதைவிட எளிது. முகம் பார்க்காமல் இருந்தால் இருவருக்குமே பேச்சு வரும்.

அவர்களே "நான் போயிட்டா" என்று ஆரம்பித்தால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று தடுக்காதீர்கள். பத்து முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்த பிறகே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். தடுத்தால் பதினோராவது முறை வராது. "சொல்லுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும். "எனக்கும் பயமா இருக்கும்மா" என்று பிள்ளை சொல்வது எந்தத் தாயையும் பலவீனப்படுத்தியதில்லை.

அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைத்துப்போவார்கள். பேரப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவது, வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்வது, கல்யாண ஆல்பத்தில் யார் யார் என்று சொல்வது. அறிவுரை கேட்டுப் பதிவு செய்வதைவிட இவைதான் பின்னால் கேட்கத் தோன்றும்.

4. கையெழுத்து நடுங்கும் முன் முடிக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு மாதத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். ஒரே ஃபைலில் ஆதார், பான், ரேஷன் அட்டை, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பட்டியல், காப்பீட்டு அட்டை, பென்ஷன் புத்தகம், பாஸ்புக், பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு எல்லாம் இருக்கட்டும்.

பெயர்ப் பொருத்தம். நம் ஊரில் அதிகம் சிக்கலாவது இனிஷியல்தான். ஆதாரில் விரித்த பெயர், பென்ஷன் புத்தகத்தில் ஒற்றை எழுத்து, அம்மாவுக்கு ஒரு இடத்தில் அப்பா பெயர், இன்னொரு இடத்தில் கணவர் பெயர். குடும்ப ஓய்வூதியம் பெறப்போகிறவரின் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே ஒப்பிடுங்கள்.

வங்கி. நாமினி இருக்கிறாரா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை போடலாம். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதனாலேயே வாரிசு ஆகிவிடுவதில்லை என்பதை உடன்பிறந்தவர்களிடம் முன்பே பேசிவிட்டால் பிறகு சண்டை வராது. கையெழுத்துப் போட முடியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு தேடி வரும் வங்கிச் சேவை உண்டு. மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இறந்த பிறகு அவர்கள் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது, காரியச் செலவுக்கே ஆனாலும், வம்பில் கொண்டு விடும். கைச்செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

உயில். வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டாலே செல்லும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவதையே பரிந்துரைப்போம். படுக்கையில் இருப்பவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வரப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

பவர் பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவு இழந்தாலோ இறந்தாலோ அது செல்லாது. மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடும்.

சிகிச்சை குறித்த முன் விருப்ப ஆவணம். 'லிவிங் வில்' என்று சொன்னால் வக்கீல்களுக்குப் புரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தெளிவான மனநிலையில் உள்ளவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தன் சார்பில் பேசக்கூடிய ஒருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ அதில் குறிப்பிட வேண்டும். மருத்துவமனையில் அதை நடைமுறைப்படுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது. அட்மிஷன் அன்றே நகலைக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பீரோவில் பூட்டி வைத்த ஆவணம் இரவு இரண்டு மணிக்கு உதவாது.

5. வேலையும் செலவும்

எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும், பெரும்பாலும் மகள் அல்லது மருமகள் தலையில். வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: மருந்து வாங்குவது, குளிப்பாட்டுவது, இரவு முழிப்பு, பில் கட்டுவது, சொந்தக்காரர்களுக்கு போனில் பதில் சொல்வது. கடைசியாகச் சொன்னதை வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் கொடுங்கள். அது பெரிய பாரம், தூரத்திலிருந்தும் சுமக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எல்லோரும் வீடியோ காலில் வந்து வாரக் கணக்கைப் பார்த்துவிட்டால் "எனக்கு யாரும் சொல்லல" என்ற பேச்சு வராது.

வீட்டோடு தங்கும் அட்டெண்டருக்குச் சென்னையில் மாதம் சுமார் 25,000 முதல் 35,000 ரூபாய் ஆகும், சாப்பாடு நம் பொறுப்பு. ஏஜென்சியிடம் மூன்று கேள்விகள்: சொல்லாமல் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், முன்பணம் திரும்புமா, தூக்கித் திருப்பத் தெரியுமா. டயப்பர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 4, மாதம் 4,800 ரூபாய். கட்டில் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். காற்று மெத்தையை மட்டும் வாங்கிவிடுங்கள். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தாக வேண்டும். படுக்கைப் புண் வால் எலும்பிலும் குதிகாலிலும் ஆரம்பிக்கும். அழுத்தினாலும் மறையாத சிவப்பே முதல் எச்சரிக்கை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அட்டெண்டர் சம்பளத்தையும் டயப்பரையும் தராது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஃபிளாட் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்க முடியும். யார் நான்கு பேர் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மருந்தும் டயப்பரும் பத்து நாள் கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீரும் மின்வெட்டும் நாள்கணக்கில் நீடித்தன. தரைத்தளத்தில் இருந்தால், மஞ்சள் எச்சரிக்கை வரும்போதே மாடி வீட்டு உறவினரிடம் பேசிவிடுங்கள்.

அலுவலக விடுப்பை ஒவ்வொரு செக்கப்புக்கும் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். கடைசி இரண்டு வாரத்துக்கும் காரியத்துக்குமாக இருபது நாளாவது மிச்சம் வேண்டும்.

6. உங்கள் துக்கத்துக்கும் ஒரு நேரம் வையுங்கள்

அட்டெண்டர் இருக்கும் நேரத்தில் நாளுக்கு அரை மணி வீட்டை விட்டு வெளியே போங்கள். பீச்சோ, கோயில் பிராகாரமோ, தெருக்கோடி டீக்கடையோ, எங்கு வேண்டுமானாலும். அழ வேண்டும் என்றால் அங்கே அழலாம். வெளியே போகும்போது மருந்துக் கடை வேலையைச் சேர்த்துக்கொண்டால் அது ஓய்வாகாது.

ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். "தைரியமா இரு" என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஆள். அவரிடம் அந்த அசிங்கமான நினைப்புகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்காகச் செய்யும் வேலைகளிலிருந்து ஒன்றை மட்டும் வேலை இல்லாததாக மாற்றுங்கள்: சாயங்காலம் பத்து நிமிடம், மருந்து டப்பா இல்லாமல், போன் இல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருவது. நர்ஸாக இல்லாமல் பிள்ளையாக இருக்க அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்கும்.

வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் இரவிலும் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது, படுத்திருப்பவரை அடித்துவிட்டீர்கள் அல்லது கை ஓங்கிவிட்டீர்கள், இதில் ஒன்று இருந்தாலும் இன்றே உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. முதியோருக்கான உதவி எண் 14567. கை ஓங்கியதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். அது கெட்ட மனதைக் காட்டவில்லை, ஒரே ஆள் இத்தனை இரவும் முழித்திருக்கக் கூடாது என்பதைக் காட்டுகிறது.

7. பார்க்க வருபவர்கள்

கதவில் நேரம் எழுதி ஒட்டுங்கள், மாலை 5 முதல் 6. கட்டிலருகே அழவோ, "உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கே" என்று சொல்லவோ விடாதீர்கள். முக்கியமாக, ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது, பால் ஊற்று என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கடைசி மணிகள் திணறலில் கழியும். பாலோ துளசித் தீர்த்தமோ, பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். பெரியவர்கள் மனமும் கோணாது.

8. கடைசி நாட்களில்

சாப்பாட்டை ஒதுக்குவார்கள், சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உதட்டை ஈரமாக்குங்கள். பட்டினி போடுகிறோமே என்று குமையாதீர்கள், உடம்பு கேட்கவில்லை. காது கடைசிவரை கேட்கும் என்று நம்பித்தான் ஆதரவு சிகிச்சைச் செவிலியர்கள் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், நீங்களும் பேசுங்கள்.

வீட்டில்தான் என்று முடிவு செய்திருந்தால், பதற்றத்தில் யாராவது 108-ஐ அழைத்துவிடாமல் இருக்க அந்த முடிவை எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். வழியில் உயிர் போனால் மருத்துவமனையில் 'கொண்டுவரும்போதே இறப்பு' என்று பதிவாகும்; காகிதங்கள் கையில் இல்லாவிட்டால் போலீஸ், பிரேதப் பரிசோதனை வரை போகலாம். நோயாளியைப் பார்த்துவரும் டாக்டரிடம், "வீட்டிலேயே நடந்தால் வந்து பார்த்து 4ஏ படிவம் தருவீங்களா, ராத்திரியும் வருவீங்களா?" என்று முன்பே கேளுங்கள். மாட்டேன் என்றால் இப்போதே வேறு டாக்டரைப் பழக்கப்படுத்துங்கள். 4ஏ படிவம் என்பது வீட்டில் நடந்த இறப்பின் காரணத்தை டாக்டர் எழுதித் தரும் சான்று. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கான கட்டணம் தனி.

கண் தானம் செய்வதாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். சர்க்கரை நோயோ கண்ணாடியோ தடையில்லை.

9. அதன் பிறகு

மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணம் இல்லை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வசிக்கும் இடத்தில் அல்ல, இறந்த இடத்தில்தான் பதிவு. தாம்பரத்திலோ ஆவடியிலோ உள்ள மருத்துவமனையில் நடந்திருந்தால் சென்னை மாநகராட்சி இணையதளத்தில் தேடிப் பயனில்லை. மயானத்தில் பெயர் எழுதும்போது ஆதார் நகலைக் கொடுத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அந்த நேரத்தில் வாய்வழியாகச் சொன்ன பெயர்தான் பிறகு மாதக்கணக்கில் அலைய வைக்கும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்த தேதிக்குப் பிறகு வரவான பென்ஷனைத் தொடாமல் வங்கிக்குத் தெரிவியுங்கள்.

வாடகைக் கட்டிலை அன்றே எடுத்துப் போகச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். துணைவர் இன்னும் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சிலருக்கு வெறும் இடத்தைவிடக் கட்டில் தேவலை. மீதி மார்ஃபினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். போனில் வைத்திருக்கும் அலாரங்களை, காலை ஆறு மணி மாத்திரை, ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாவற்றையும் அணைக்கும்படி அன்று மாலையே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.